குற்றாலத்து நிலவும் தென்காசிச் சிங்கியும்

ஆனி பிறந்தால் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடும். மேற்கு மலைத்தொடரின் இடைவெளி வழியே புகுந்து வரும் காற்று, மழையைப் பொடித்துப் பொடித்து முகத்தில் தெளிக்கும். அருவியாட வந்த மக்கள் நனைந்த ஆடையோடு கடைத்தெருவில் நடமாடுவர். குற்றாலம் என்று சொன்ன அளவிலேயே குளிர்ச்சிதான் எவர்க்கும் நினைவில் எழும். ஆயினும் அவ்வூரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்ற நூலின் உள்ளத்தை உருக்கும் பகுதி வெம்மையைப் பாடுகின்றது. நிலவு தன்னைச் சுடுகின்றது என்று ஒரு பெண் புலம்புகின்றாள்.

அப்புலம்பலைப் பாடக் கேட்டவர்கள் பலர். கேட்டுக் கண் கலங்கியவர்களும் உண்டு. ஆனால் அதன் பொருள் என்ன? காதலனைப் பிரிந்த ஒருத்தியின் துன்பம் என்ற அளவில் அது முடிந்துவிடுகின்றதா? குற்றாலத்திலிருந்து கூப்பிடு தொலைவு என்று சொல்லத்தக்க தென்காசியிலே பிறந்த ஒரு முஸ்லிம் ஞானியார், அதே குறவஞ்சி என்னும் பாட்டு வடிவை எடுத்து இறையறிவைப் பாடியது ஏன்? இவ்விரு வினாக்களையும் இணைத்துப் பார்த்தால்தான் அந்தச் சோகப் பாட்டின் உட்பொருள் புலப்படும் என்பது எம் கருத்து.

நிலவோடு ஒரு வழக்கு

குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் இடையே உள்ள மேலகரம் என்னும் ஊரில் வாழ்ந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி அவர் காலம். குற்றாலத் தலபுராணம் முதலாகப் பல நூல்களை அவர் இயற்றியிருந்தாலும், அவர் பெயரை நிலைநிறுத்தியது திருக்குற்றாலக் குறவஞ்சியே. 1706 முதல் 1732 வரை மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் இந்நூலின் சுவையை உணர்ந்து கவிராயருக்கு நிலம் வழங்கினார். அந்நிலம் 'குறவஞ்சி மேடு' என்றே பெயர் பெற்றது. ஒரு பாட்டின் பெயரால் ஒரு நிலம் வழங்கியது என்றால், அப்பாட்டுக்கு அக்காலம் அளித்த மதிப்பை நாம் உணர்ந்துகொள்ளலாம்.

குறவஞ்சி என்பது சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று. படிப்பதற்கு மட்டும் உரியதாகாமல், பாடுவதற்கும் ஆடுவதற்கும் உரியது. சிந்து, கண்ணி முதலிய எளிய மெட்டுகள் இடையிடையே வர, விருத்தமும் வெண்பாவும் கதையைக் கோத்துச் செல்லும். 1944ஆம் ஆண்டில் ருக்மிணி தேவி அம்மையார் கலாக்ஷேத்திரத்தில் அரங்கேற்றிய நாட்டிய நாடகங்களுள் இக்குறவஞ்சியும் ஒன்று. ஊர்ப்புறத்து மெட்டில் பிறந்த பாட்டு நகரத்து மேடையையும் எட்டியது.

கதை மிகச் சிறியது. திருக்குற்றாலநாதர் உலா வருகின்றார். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி என்னும் பெண் அவரைக் காண்கின்றாள். கண்ட அளவிலே உள்ளத்தை இழக்கின்றாள். உலா கடந்து சென்றுவிடுகின்றது. தெருவில் ஓசை அடங்கிய பின் அவளிடம் எஞ்சியது பிரிவு ஒன்றே. இரவு வருகின்றது, நிலவும் வருகின்றது.

அப்போதுதான் அவள் நிலவை அழைத்து வழக்குத் தொடுக்கின்றாள். பாற்கடலிலே அமுதத்தோடு தோன்றியது நிலவு என்பது புராணம். திருமகளும் அக்கடலிலேயே தோன்றியவள். அவ்வாறாயின் குளிர்ச்சியோடும் ஒரு பெண்ணோடும் உடன் பிறந்த நிலவு, இன்னொரு பெண்ணை எப்படிச் சுடலாம் என்பது அவள் கேள்வி. பிறகு மன்மதனோடு முறையிடுகின்றாள். தோழி அறிவுரை கூறுகின்றாள். அவ்வறிவுரை இவள் செவியில் ஏறவில்லை. இறுதியாகத் தோழியையே தூது அனுப்புகின்றாள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தமிழ் இலக்கணம் மலை நிலமாகிய குறிஞ்சிக்குக் கூடலை உரிப்பொருளாக வைத்தது. பிரிவைப் பாலைக்கு வைத்தது. அருவி ஓயாமல் விழும் குறிஞ்சி நிலத்தின் நடுவே கவிராயர் ஒரு பாலையைப் படைத்துவிட்டார். நீர் நிறைந்த ஊரில் ஒருத்தி மட்டும் வெந்துபோகின்றாள். சூழ்நிலை எவ்வளவு இனிதோ அவ்வளவுக்கு அவள் துன்பம் பெருகுகின்றது. வறண்ட நிலத்தில் நின்று அழுதிருந்தால் வெம்மைக்கு நிலத்தின் மேல் பழி போட்டிருக்கலாம். குற்றாலத்தில் அதற்கும் வழியில்லை.

சொல்லாமல் விடப்பட்ட முடிவு

இதன் பிறகுதான் குறத்தியாகிய சிங்கி வருகின்றாள். தன் மலையின் வளத்தைப் பாடுகின்றாள். குரங்குகள் கனி கொடுத்துக் கொஞ்சும் அந்தக் காட்சியைப் பள்ளிப் பாடத்தில் படிக்காத தமிழர் குறைவு. பின்னர் வசந்தவல்லியின் கையைப் பார்த்து, அவள் உள்ளத்தில் இருப்பவர் யார் என்பதையும், அவர் அவளுக்கு உரியவர் ஆவார் என்பதையும் குறியாகச் சொல்கின்றாள். பரிசில்கள் பெறுகின்றாள், போய்விடுகின்றாள்.

அப்புறம்? வசந்தவல்லி குற்றாலநாதரை அடைந்தாளா? மணவிழா நடந்ததா? நூலை எத்தனை முறை புரட்டினாலும் அக்காட்சி கிடைக்காது. கவிராயர் அதைப் பாடவில்லை. குறி சொல்லப்பட்டதோடு தலைவியின் கதை நின்றுவிடுகின்றது.

மறந்துவிட்டுப் போனாரா புலவர்? இல்லை. அந்த இடத்தில் அவர் வேறொரு பிரிவைக் கொண்டு வருகின்றார். சிங்கியைக் காணாமல் தேடிவரும் சிங்கன் அரங்கில் தோன்றுகின்றான். நூவன் என்னும் துணைவனோடு வயல்களில் கண்ணி வைத்துப் பறவை பிடிக்க வருகின்றான். கை வேட்டையில் இருக்கின்றது. உள்ளமோ சிங்கியிடம் இருக்கின்றது. பறவைகளைக் கண்டாலும் அவள் நினைவு. ஊராரைக் கண்டாலும் அவளைப் பற்றிய விசாரணை. நகையும் அழுகையும் கலந்த பகுதி அது. கடைசியில் குற்றாலத் தெருவிலேயே அவளைக் கண்டுவிடுகின்றான். அவள் உடலெங்கும் புதிய அணிகள். காலில் இருப்பது என்ன, கையில் இருப்பது என்ன என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்க, அவள் ஒவ்வொன்றாக விடை சொல்ல, அவ்வுரையாடலில் பிரிவு தீர்கின்றது.

ஆக, மாளிகைப் பெண்ணின் பிரிவுத் துயருக்கு உரிய முடிவைக் கவிராயர் குறவர் குடிக்குக் கொடுத்துவிட்டார். இறைவனைக் காதலித்தவளுக்கு வாக்குறுதி கிடைத்தது. மனைவியைத் தேடியவனுக்குக் கூடல் கிடைத்தது. இறைவனோடு கூடும் கூடலைச் சொல்லால் காட்ட இயலாது. மனிதர் இருவர் தெருவில் சந்தித்துக்கொள்ளும் மகிழ்ச்சியைக் கொண்டு அதை நாமே உய்த்துணர வேண்டும். வசந்தவல்லியின் பாட்டைத் தனியே எடுத்துப் பாடினால் அது வெறும் காதல் தோல்வியாகத் தோன்றும். நூல் முழுதும் வைத்துப் பார்த்தால், விடையை எதிர்நோக்கி நிற்கும் ஒரு வினாவாக அது விளங்கும்.

தென்காசி தந்த ஞானியார்

இனித் தென்காசிக்கு வருவோம். தென்காசியும் பிரிவுப் பாட்டுக்குப் புதிய ஊர் அன்று. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த விசுவநாதர் கோயிலால் பெயர் பெற்ற அவ்வூர், பாண்டியர் மரபின் கடைசித் தலைநகர்களுள் ஒன்று. 1564இல் அரியணை ஏறிய அதிவீரராம பாண்டியன் அரசனாக மட்டுமன்றிப் புலவனாகவும் விளங்கினான். அவன் இயற்றிய நைடதம், காட்டிலே உறங்கும் மனைவியை விட்டுப் பிரிந்த நளனின் கதை. 'நைடதம் புலவர்க்கு ஔடதம்' என்ற பழமொழி அதன் பெருமையைச் சொல்லும். கையில் அதிகாரம் தேய்ந்துவந்த மரபைச் சேர்ந்த ஓர் அரசன், நாட்டையும் துணையையும் இழந்த மன்னனின் கதையைப் பாடினான் என்பது சிந்திக்கத்தக்கது.

இத்தென்காசியில்தான் பீர் முகம்மது அப்பா (வலி) அவர்கள் பிறந்தார்கள். 17ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர்கள் என்று அறிஞர் கருதுவர். பிறந்த ஊரை விட்டு நீங்கி, மேற்கு மலைகளில் தனித்திருந்து தவம் செய்து, பின்னர்ப் பத்மநாபபுரத்தை அடுத்த தக்கலையில் தங்கி, நெசவுத் தொழில் செய்து வாழ்ந்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. பதினெட்டாயிரம் பாடல்கள் பாடினார்கள் என்றும் மக்கள் சொல்வர். தக்கலையில் அவர்கள் அடங்கியிருக்கும் இடத்தில் ஆண்டுதோறும் ரஜபு மாதத்து விழா நாளில் அவர்களுடைய ஞானப்புகழ்ச்சியை இரவு முழுதும் மக்கள் கூடிப் பாடுகின்றார்கள். ஏட்டில் உறங்காமல் நாவில் வாழும் இலக்கியம் அது.

அப்பா அவர்கள் பாடிய நூல்களுள் ஞானரத்தினக் குறவஞ்சியும் ஒன்று. சித்தர் பாடல்களைத் தொகுத்த பெரிய ஞானக்கோவையிலும் இந்நூல் இடம் பெற்றுள்ளது. முஸ்லிம் புலவர் ஒருவரின் பாடலைச் சித்தர் வரிசையில் வைத்துப் போற்றிய தமிழகத்தின் பரந்த உள்ளம் நினைவுகூரத்தக்கது.

இக்குறவஞ்சியில் உலா இல்லை, பந்தாட்டம் இல்லை, நிலவைப் பழிக்கும் தலைவியும் இல்லை. சிங்கனும் சிங்கியும் மட்டுமே உள்ளனர். சிங்கன் கேட்கின்றான், சிங்கி விடை பகர்கின்றாள். குற்றாலத்தில் சிங்கன், காலில் என்ன, கையில் என்ன என்று கேட்டான் அல்லவா? தென்காசியார் பாடிய சிங்கனோ, தொடக்கத்துக்கு முன்னிருந்தது என்ன என்று கேட்கத் தொடங்குகின்றான். கேள்வியின் முடிவில் சிங்கியை விளிப்பதும், விடையின் முடிவில் சிங்கனை விளிப்பதுமாகிய அந்த மெட்டு இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் அணிகலன்களின் கணக்கு. மற்றதில் படைப்பின் இரகசியம்.

காலத்தால் பீர் முகம்மது அப்பா முந்தியவர்கள், கவிராயர் பிந்தியவர். ஆகவே ஒருவரைப் பார்த்து ஒருவர் பாடினார் என்று வழக்காட வேண்டியதில்லை. மக்களிடையே வழங்கிய சிங்கன் சிங்கி பாட்டு, இருவருக்கும் பொதுவான ஊற்று. சங்க இலக்கியத்தின் 'அகவன் மகள்' முதலாக, குறி சொல்லும் பெண் தமிழ்ப் பாட்டில் இடம் பெற்றே வந்திருக்கின்றாள். ஆனால் பொருளால் நோக்கினால், குற்றாலக் குறவஞ்சி எந்த இடத்தில் முடிகின்றதோ அந்த இடத்தில் ஞானரத்தினக் குறவஞ்சி தொடங்குகின்றது. பிரிந்தவர் சந்தித்த பின் பேசிக்கொள்ளும் பேச்சு அது.

குறி கேட்பது நம் மார்க்கத்தில் விலக்கப்பட்ட செயல். அங்ஙனமிருக்க, ஞானியார் ஒருவர் குறத்தியை எடுத்துக்கொண்டது எப்படி என்று சிலர் ஐயுறலாம். நூலைப் பயின்றோர்க்கு அவ்வையம் எழாது. கைபார்த்து எதிர்காலம் உரைப்பது அந்நூலின் உயிர் அன்று. வினாவும் விடையுமே அதன் உயிர். வருவதைச் சொல்லும் சிங்கியை அப்பா அவர்கள் உள்ளதைச் சொல்லும் சிங்கியாக மாற்றிவிட்டார்கள். ஊர் ஊராக அலையும் ஏழைப் பெண்ணை ஞானாசிரியையாக அமர்த்தி, ஆண்மகனை மாணவனாக அவள் முன் நிறுத்தினார்கள். அதுவும் உழைப்பாளர் வாயில் எளிதில் படியும் மெட்டில். தறியின் முன் அமர்ந்தவரும் பாடலாம் அன்றோ!

அழுகைக்கு இடமுண்டோ?

பிரிவுத் துயரைப் பாடுவது நம்பிக்கைக்கு ஏற்றதா என்பது அடுத்த வினா. ஒப்பாரி வைத்து மார்பில் அறைந்துகொள்வதை இஸ்லாம் தடுத்தது. கண்ணீரைத் தடுக்கவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தம் குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது கண் கலங்கினார்கள். இறைவனுக்குப் பொருந்தாத சொல் நாவில் வராமல் காத்துக்கொண்டார்கள்.

திருக்குர்ஆனின் யூசுப் அத்தியாயத்தில் இதனினும் நீண்ட பிரிவொன்று உண்டு. மகனை இழந்த யஃகூப் நபி (அலை) அவர்கள் அழுது அழுது கண்கள் வெளுத்துப் போயின. இன்னுமா அவனை நினைக்கின்றீர் என்று மக்கள் கடிந்துகொண்டபோது, தம் துயரத்தை இறைவனிடமே முறையிடுவதாக அவர்கள் விடை சொன்னார்கள். ஆண்டுகள் பல சென்ற பின், யூசுபின் சட்டையைக் கொண்டுவரும் கூட்டம் புறப்பட்ட அளவிலேயே, அத்தந்தைக்கு மகனின் மணம் தெரிந்தது. கூடியிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. மறக்காதிருந்தவருக்குத்தான் மணம் எட்டியது.

இதுவே பிரிவின் பொருள் என்று நாம் கருதுகின்றோம். மறந்தவனுக்குப் பிரிவு என்பதே இல்லை. நினைப்பவனுக்கே பிரிவு உண்டு. 'திக்ர்' என்னும் அரபுச் சொல்லுக்கு நினைவு என்பதே பொருள் அல்லவா? ஆதியில் உயிர்கள் அனைத்தையும் வருவித்து, நான் உங்கள் இறைவன் அல்லவா என்று இறைவன் வினவ, உயிர்கள் ஆம் என்று உறுதி சொன்ன நிகழ்ச்சியைத் திருமறை கூறுகின்றது. அந்த உறுதியை உலகுக்கு வந்து மறந்துவிட்டோம். ஏதோ ஒரு பாட்டைக் கேட்கும்போது காரணம் தெரியாமல் நெஞ்சு கனக்கின்றதே, அது அந்த மறதியில் விழுந்த சிறு விரிசல் என்பர் சூபி மெய்யன்பர்கள். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மௌலானா ரூமி (1207–1273) தம் மஸ்னவியைத் தொடங்கும்போது, மூங்கிற் புதரிலிருந்து வெட்டப்பட்ட புல்லாங்குழலின் பிரிவு முறையீட்டையே முதலில் வைத்தார்.

பாரசீக மரபில் உயிர் காதலன். ஆண்டாள் முதலியோர் வழியில் உயிர் காதலி. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களோ மனோன்மணிக் கண்ணியில் இறையையே பெண்ணாக்கி, தாம் காதலனாக நின்று ஏங்கினார். பெயரும் உறவும் மாறினாலும் ஏக்கம் ஒன்றே. வசந்தவல்லி நிலவை நோக்கிச் சொல்லும் குற்றச்சாட்டை இம்மரபில் நின்று கேட்டால், கைவிடப்பட்டவளின் குரலாக அது ஒலிக்காது. ஒருமுறை கண்டதை மறக்க மறுக்கும் உறுதியின் குரலாக ஒலிக்கும்.

கடல் கடந்த பிரிவு

இவையெல்லாம் தத்துவம், வீட்டுக்கு வெளியே நிற்பவை என்று ஒதுக்கிவிட இயலாது. தென்காசி வட்டாரத்து முஸ்லிம் மக்களின் வாழ்வே பிரிவால் நெய்யப்பட்டது. கடையநல்லூர் முதலிய ஊர்களின் நெசவாளர்கள், தறித்தொழில் நலிந்த காலங்களில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினர். சபர் போனவர் என்று ஊர் அவர்களைச் சொல்லும். போனவர்கள் அங்கும் ஊரை மறக்கவில்லை. 1941இல் சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பைத் தோற்றுவித்தனர். 1946இல் உமறுப் புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளியும் நிறுவினர். இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையில்தான் 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சி. கடல்வழி அடைபட்டது; கடிதமும் பணமும் நின்றன. போனவர் உயிரோடு இருக்கின்றாரா என்பதே தெரியாமல், இக்கரையில் எத்தனை வீடுகள் காத்திருந்தன! திரும்பி வந்தவர் உண்டு, வாராதவரும் உண்டு. அந்த ஆண்டுகளில் முற்றத்து நிலவைப் பார்த்திருந்த பெண்களுக்கு வசந்தவல்லியின் வழக்கை யாரும் உரை சொல்லி விளக்க வேண்டியிருந்திராது.

ஆண் புலவர்கள் பெண்ணின் குரலை இரவல் வாங்கியே இப்பாட்டுகளைப் பாடினார்கள் என்பதையும் மறத்தலாகாது. கவிராயர் வசந்தவல்லியாகிப் பாடினார். பீர் முகம்மது அப்பா சிங்கியின் வாயால் ஞானம் சொன்னார்கள். பெண்கள் தாமே பாடவில்லையா? பாடினார்கள். கீழக்கரைச் செய்யிது ஆசியா உம்மா, இளையான்குடிக் கச்சிப்பிள்ளையம்மாள் ஆகியோரோடு, தென்காசி இரசூல் பீவி அவர்களையும் தமிழ்ப் பெண் ஞானியர் வரிசையில் வைத்துப் போற்றுவர். ஞானாமிர்த சாகரம் என்பது இரசூல் பீவியின் நூல். சிங்கி பிறந்த மண்ணில் ஒரு பெண் உண்மையாகவே ஞானம் பாடினாள். குறவஞ்சியைப் பாடத்திட்டத்தில் வைத்துப் போற்றும் நாம், இப்பெண்மணிகளின் நூல்களை எத்தனை பேர் கண்ணால் கண்டிருப்போம்? பிரிவை மறதி விழுங்கிவிடக் கூடாது என்று பாடியவர்களை மறதிக்கே கொடுத்துவிடுவது முறையாகுமா? பழைய பதிப்புகள் எந்த வீட்டுப் பெட்டியில் இருந்தாலும் வெளிக்கொணர்வது அவ்வூர் மக்களின் கடமை.

அடுத்த சாரல் காலத்தில் குற்றாலம் செல்லும் அன்பர்கள், அருவியில் குளித்துத் தலைதுவட்டிய பின், அன்றைய இரவு நிலவு தெரியுமானால் சற்று நேரம் அதைப் பார்த்து நிற்கட்டும். சிறிது தொலைவில் தென்காசி. மலையைக் கடந்தால் தக்கலை. நிலவைக் கேட்ட கேள்விக்கு வசந்தவல்லி விடை பெறவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். சிங்கனும் கேட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்குச் சிங்கி விடை சொன்னாள். கேட்பதை நிறுத்தாதவரை பிரிவு முடிவு ஆகிவிடுவதில்லை.